அண்ணன் ரம்மியை விட்ட விதம்

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் சூதாட்டம். போனில் பணம் கட்டி ரம்மி ஆடுகிறவர்களின் மனம் எப்படி வேலை செய்கிறது, நிறுத்த நினைத்தும் ஏன் நிறுத்த முடிவதில்லை என்பதை ஆராய வேண்டும். சென்னையில் இருந்த என் பேராசிரியர், "உங்க ஊர்லயே பண்ணுங்க. உங்ககிட்டதான் மனசு விட்டுப் பேசுவாங்க" என்று சொல்லி என்னைக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பிவைத்தார்.

என் அம்மா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் டாக்டர் பட்டம் வாங்கப்போகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். எதில் டாக்டர் என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, கொஞ்சமும் யோசிக்காமல் "சீட்டாட்டத்துல" என்று சொல்லிவிட்டார். அதன் பலன் அந்த வாரமே தெரிந்தது.

பேட்டி எடுக்க எங்கள் சர்ச் வளாகத்தில் ஞாயிறு பள்ளி நடக்கும் அறையைக் கேட்டு வாங்கியிருந்தேன். சுவரில் நோவாவின் கப்பல் படம், பிள்ளைகள் வண்ணம் தீட்டிய ஒட்டகங்கள். பெஞ்சுகள் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கானவை. அங்கே வந்து முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்த முதல் மனிதர், ஓய்வு பெற்ற ஒரு குமாஸ்தா. கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பாப்பா, நான் தெனம் தோத்துக்கினே இருக்கேன். எப்படி ஜெயிக்கிறதுன்னு சொல்லித் தருவியா? ஃபீஸ் எவ்வளவு?"

நான் ஜெயிக்கச் சொல்லித்தரும் ஆள் இல்லை, ஆராய்ச்சி செய்யும் ஆள் என்று விளக்கினேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்போ இன்னாத்துக்கும்மா டாக்டர் பட்டம்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அடுத்து வந்த இருவரும் அதையே கேட்டார்கள். அவர்களில் ஒருவர் எனக்கென்று ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு கொண்டுவந்திருந்தார். ஜெயிக்கும் வழி என்னிடம் இல்லை என்று தெரிந்ததும், கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாமல் அவர் பட்ட பாட்டைப் பார்த்து நானே பாதிப் பழங்களைப் பிய்த்து அவர் கையில் கொடுத்தேன். இருவரும் சாப்பிட்டோம். போகும்போது சிரித்துக்கொண்டே போனார்.

இப்படியே போனால் ஆராய்ச்சி நடக்காது என்று கவலைப்பட ஆரம்பித்த நேரத்தில்தான் ஷேர் ஆட்டோ ஓட்டும் அந்த அண்ணன் வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து சின்னசேலம் பக்கம் வண்டி ஓட்டுகிறவர். நாற்பது வயதைத் தாண்டியவர், நல்ல உயரம். சின்ன பெஞ்சைப் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"மேடம், நான் ரம்மி ஆடிக்கினு இருந்தேன். ரொம்ப மோசமா ஆடினேன். இப்ப வுட்டுட்டேன்."

"எப்படிண்ணா விட்டீங்க?"

"அதான் மேடம் தெரியல. அதுக்குத்தான் வந்தேன். நீங்க கண்டுபுடிச்சுச் சொல்லுங்க."

நான் படித்த கட்டுரைகள் எல்லாம் மனிதர்கள் எப்படி மாட்டிக்கொள்கிறார்கள் என்பதைத்தான் பேசின. எப்படி வெளியே வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை, பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒருவர் வந்து கேட்டால் என்ன செய்வது என்று எதிலும் இல்லை. அதனால் வழக்கமான முறையிலேயே ஆரம்பித்தேன்.

எங்கள் துறையில் உருவாக்கிய ஒரு விளையாட்டு என் லேப்டாப்பில் இருந்தது. பணம் கிடையாது, வெறும் புள்ளிகள். திரையில் மூன்று படங்கள் சுழன்று நிற்கும். மூன்றும் ஒன்றாக இருந்தால் புள்ளி. சில தடவை இரண்டு ஒன்றாக நின்று, மூன்றாவது மயிரிழையில் தவறும்படி அதை அமைத்திருந்தோம். மனித மனதுக்கு அப்படித் தவறுவது தோல்வியாகத் தெரிவதில்லை. வெற்றிக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்றுதான் தெரிகிறது. அடுத்த தடவை விட்டதைப் பிடித்துவிடலாம் என்று கை தானாக நீளும். சூதாட்டத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அண்ணன் ஆட ஆரம்பித்தார். இரண்டு மாம்பழம் நின்றது. மூன்றாவது மாம்பழம் பாதி தெரிந்து கீழே நழுவியது. அவர் முன்னால் சாய்ந்தார். அடுத்தது. மறுபடி அதே போல் நழுவியது. அவர் உதட்டைக் கடித்தார். பிறகு திடீரென்று தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, தன் விரலையே பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்.

"பாருங்க மேடம் இந்தக் கைய. காசு இல்ல, ஒன்னும் இல்ல, வெறும் மாம்பழம். அதுக்குப் போய் இன்னா பறபறக்குது பாருங்க."

அந்தப் பறபறப்பு இருந்தும் அவர் விட்டிருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். என்னென்னவோ கேட்டுப் பார்த்தேன். கோயிலில் சத்தியம் செய்தீர்களா? இல்லை. யாராவது மிரட்டினார்களா? இல்லை. போனை மாற்றினீர்களா? அதே போன்தான். "கொஞ்சம் கொஞ்சமா அதுல ருசி பூட்ச்சு மேடம். உப்பில்லாத கொழம்பு மாதிரி ஆயிட்ச்சு" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் ஆய்வு முறைப்படி வீட்டில் இருப்பவர் ஒருவரையும் தனியாகப் பேட்டி எடுக்க வேண்டும். மறு வாரம் அவர் மனைவி வந்தார். ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் வேலை செய்கிறவர். வந்ததும் சுவரில் இருந்த ஒட்டகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஒட்டகத்துக்கு யாரு பச்சை பூசினது?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். எங்கள் தெருப் பையன் ஒருவன் என்றேன். "நல்லாத்தான் இருக்குது" என்றார்.

பேட்டி ஆரம்பித்தது. கணவர் ரம்மியை நிறுத்தியதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார் அக்கா.

நான் பேனாவை எடுத்தேன்.

"அவுரு வூட்டுக்கு வந்தா அந்தப் போன்லதான் இருப்பாரு. சோறு போட்டா கூட தட்டப் பாக்க மாட்டாரு. திட்டிப் பாத்தேன், அழுது பாத்தேன், அம்மா வூட்டுக்குப் போய் இருந்தும் பாத்தேன். ஒன்னும் நடக்கல. அப்புறம் ஒரு நாளு எனக்கே ஒரு யோசன. அப்படி அதுல இன்னாதான் இருக்குதுன்னு பாத்துடலாம்னு பக்கத்துல போய் உக்காந்தேன். எனக்கும் சொல்லிக் குடுன்னேன்."

"சொல்லிக் கொடுத்தாரா?"

"ஆசையா சொன்னாரு. இது சீக்வன்ஸு, இது ஜோக்கருன்னு. நான் ஒவ்வொரு சீட்டுக்கும் கேப்பேன். ஏன் இத எடுத்த? ஏன் அத வச்சிக்கினு இருக்க? இஸ்பேட் ராணிய ஏன் போட மாட்ற? அவுரு எனக்கு வெளக்கம் சொல்லிக்கினு இருப்பாரு. அதுக்குள்ள அந்தப் போன்ல ஒரு கடியாரம் ஓடும் பாருங்க, அது முடிஞ்சு பூடும். அவுரு ஆட்டம் அடுத்தவனுக்குப் பூடும்."

சொல்லிக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பேட்டி எடுப்பவர் சிரிக்கக் கூடாது என்பது விதி.

"கொஞ்சம் பொறுடி, ஆடிட்டு சொல்றேன்னு சொல்வாரு. நான் வுடவே மாட்டேன். இப்பவே சொல்லுன்னு நிப்பேன். அப்படியே போயி, வெளக்கம்தான் ஜாஸ்தி ஆச்சு, ஆட்டம் கம்மி ஆச்சு. ஒரு நாளு போன கீழ வச்சுட்டு நேராவே என் மொகத்தப் பாத்து வெளக்கினாரு. அப்புறம் ரம்மிய வுட்டு வேற பேச்சு. ஸ்டாண்டுல இன்னா நடந்தது, எந்த பஸ்ஸு லேட்டு, அப்படியே."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். பழகிப்போன ஒரு காரியம் யோசிக்காமல் நடக்கிற வரைக்கும்தான் அதற்குப் பலம். ஒவ்வொரு அடிக்கும் ஏன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டி வந்தால் அது தடுமாறும். புத்தகத்தில் நான் பரீட்சைக்காகப் படித்த விஷயத்தை இந்த அக்கா சமையலறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆராய்ச்சி என்ற எண்ணமே இல்லாமல் நடத்தி முடித்திருந்தார்.

"இதை அண்ணன்கிட்ட சொல்லியிருக்கீங்களாக்கா?"

"இல்ல. சொன்னா வீம்புக்கு மறுபடி ஆடினா? இருக்கட்டும். நீங்களும் சொல்லாதீங்க."

சொல்லவும் முடியாது. பேட்டியில் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்று நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அங்கிருந்து ஆரம்பித்தது என் கஷ்டம்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டைத் தாண்டாமல் நான் எங்கும் போக முடியாது. எப்போது போனாலும் அண்ணன் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டுவார். "மேடம், கண்டுபுடிச்சீங்களா?" நான், "பார்த்துக்கிட்டு இருக்கேண்ணா" என்பேன். உள்ளே உட்கார்ந்திருக்கும் சவாரிகள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஏதோ காணாமல் போன பொருளைத் தேடும் போலீஸ் என்று ஒரு அம்மா நினைத்துக்கொண்டார். "கெடைக்கும்மா, கவலப்படாத" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

ஆனால் அந்தக் கேள்வி என் ஆய்வையே திருப்பிவிட்டது. மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி மட்டும் எழுதாமல், யாருடைய சிகிச்சையும் இல்லாமல் தானாக வெளியே வந்தவர்களைப் பற்றியும் எழுதட்டுமா என்று பேராசிரியரிடம் கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். ஆட்கள் கிடைப்பார்களா என்றார். கிடைத்தார்கள். நிறுத்தியதைச் சொல்லிக்கொள்ள மனிதர்களுக்கு அவ்வளவு ஆசை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நைனார்பாளையத்திலிருந்து ஒரு விவசாயி பஸ் ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனார். பெரும்பாலானவர்களைக் கூட்டி வந்தது ஆட்டோ அண்ணன்தான்.

அவர் கடைசியாகச் சொன்ன ஆள் மலைமேல் இருந்தார். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டிய ஒரு ஊர். பிக்கப் வண்டியில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு சின்னசேலம் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரிக்கு வருகிறவர். அங்கே லோடு இறக்க வரிசையில் காத்திருக்கும் நேரத்தில்தான் அவரும், சவாரிக்காக ஃபேக்டரி வாசலில் நிற்கும் அண்ணனும் கூட்டாளிகள் ஆனார்கள். அந்தக் காத்திருப்பில்தான் இருவரும் ரம்மி கற்றுக்கொண்டார்கள். கூட்டாளி விட்ட விதம் எளிமையானது. அவர் ஊரில் போன் சிக்னல் கிடையாது. லோடை இறக்கிய கையோடு மலை ஏறிவிடுவது என்று வைத்துக்கொண்டார். மேலே போனால் ஆட்டம் தானாக நின்றுவிடும்.

நான் அவரைப் பார்க்கப் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணனிடமிருந்து போன் வந்தது. குரல் சரியில்லை.

"மேடம், அவன் ஊர்ல டவர் வந்துட்ச்சாம். ஞாயித்துக்கெழம லைன் குடுக்கறாங்களாம். அவன் ஒத்தையில இருக்கக் கூடாது. நான் போறேன். நீங்களும் வர்றீங்களா?"

கடையில் லீவு சொல்லிவிட்டு அக்காவும் கிளம்பினார். மூவரும் கச்சிராயபாளையம் வழியாக மலை பஸ்ஸில் ஏறினோம். வெள்ளிமலையில் இறங்கியபோது கூட்டாளி பிக்கப்போடு காத்திருந்தார். ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. அக்காவையும் என்னையும் முன்னால் உட்கார வைத்தார். அண்ணன் பின்னால் காலி சாக்குகளோடு நின்றுகொண்டு வந்தார். வழியெல்லாம் பச்சை. சாமை விளைந்த சரிவுகள், பலா மரங்கள், மேகம் இறங்கிப் பாதையில் நின்றது.

ஊர் போய்ச் சேர்ந்தபோது டவருக்குக் கீழே திருவிழாக் கூட்டம். டவர்காரர்கள் ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டாளி கொஞ்சம் தள்ளி வண்டியில் சாய்ந்து நின்றார். சட்டைப் பையின் மேல் கையை வைத்திருந்தார். அண்ணன் அவர் பக்கத்திலேயே போய் நின்றார். நான் ஒரு ஆராய்ச்சியாளராக அந்தக் கையைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்க மனமில்லாமல் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்கு முன்னால் லைன் வந்தது. யாரோ ஒருவர் "கோடு காட்டுது" என்று கத்தினார். கூட்டாளியின் கை பைக்குள் போனது. போனை வெளியே எடுத்தார். அந்த ஊரிலேயே நல்ல போன் அவருடையதுதான், ரம்மிக்காக வாங்கியது. அதைத் தூக்கிப் பிடித்து அவர் பார்ப்பதற்குள் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் வந்து சட்டென்று வாங்கிக்கொண்டார்.

"என் புள்ளைக்குப் போடு. திருப்பூர்ல இருக்கான்."

அவர் போட்டுக் கொடுத்தார். அந்த அம்மா பேசி முடிப்பதற்குள் இன்னொருவர் வாங்கினார். ஒருத்தி கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் இருக்கும் புருஷனுக்கு வீடியோவில் தன் ஆட்டுக்குட்டிகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒருவர், அவ்வளவு தூரத்துக்குக் கேட்க வேண்டுமே என்று மலையே அதிரும்படி கத்திப் பேசினார். போன் கைமாறிக் கைமாறி டவரைச் சுற்றி வந்து, கடைசியில் கூட்டத்தில் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கூட்டாளி அதன் பின்னாலேயே கொஞ்ச நேரம் நடந்தார். பிறகு விட்டுவிட்டு எங்களிடம் வந்து ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"கோடு வந்ததும் நெஞ்சு அடிச்சுதுங்க. ஆடிடுவேன்னுதான் நெனச்சேன். அந்தம்மா புடுங்கிக்கினு பூட்டாங்க. அப்புறம் அந்த வெறி எங்க போச்சுன்னே தெரியல."

"அது அப்படித்தாண்ணா" என்றேன். "வேகமா ஏறும். தீனி போடலன்னா கொஞ்ச நேரத்துல தானா எறங்கிடும். ஏறும்போது எறங்காதுன்னு தோணும், அவ்வளவுதான்."

"அப்போ அந்த நேரம் போன் கையில இல்லன்னா போதுமா?"

"எப்பவும் போதும்னு சொல்ல மாட்டேன். நெறைய தடவை போதும்."

அவர் தலையை ஆட்டினார். தூரத்தில் யாரோ பேட்டரி தீர்ந்துவிட்டது, சார்ஜர் எங்கே என்று அவர் வீட்டை நோக்கி ஓடினார்கள். அதைப் பார்த்து அவருக்கு அன்றைக்கு முதல் சிரிப்பு வந்தது. "என் போனு இனிமே எனக்கு இல்ல" என்றார்.

பலா மரத்தடியில் பாய் விரித்துச் சாப்பாடு போட்டார்கள். சாமைச் சோறும் கோழிக் குழம்பும். சாப்பிடும்போது கூட்டாளி அண்ணனைக் கேட்டார்.

"எனக்காவது சிக்னல் இல்லாம நின்னுது. நீ எப்படி வுட்ட?"

"அதத்தான் மேடம் கண்டுபுடிச்சிக்கினு இருக்காங்க" என்றார் அண்ணன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குழம்பைப் பார்த்தேன். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார்.

"பாவம் அந்தப் பொண்ணு. அதுக்கு எப்பவோ தெரியும். நான்தான் சொல்லாதன்னேன்."

பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தது, ஒவ்வொரு சீட்டுக்கும் கேட்டது, கடிகாரம் ஓடிப்போனது. அண்ணன் கையில் சோற்றை வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டார். ஒவ்வொன்றாக அவருக்கு நினைவு வருவது முகத்தில் தெரிந்தது.

"அப்போ வேணும்னேதான் செஞ்சியா?"

"மொதல்ல இல்லய்யா. உன் ஆட்டத்த நிறுத்தணும்னு நான் வந்து உக்காரல. நீ எங்கிட்ட பேசினியே, அது புடிச்சிருந்துச்சு. எவ்வளவு நாளு கழிச்சுப் பேசின. பேச்சு நிக்கக் கூடாதுன்னு கேட்டுக்கினே இருந்தேன்."

அண்ணன் சோற்றை வாயில் போட்டு மெதுவாக மென்றார். கோபப்படுவாரோ என்று நான் பயந்தேன்.

"அந்த இஸ்பேட் ராணிய நீ போடச் சொன்னது கரெக்ட்டுதான்" என்றார் கடைசியில். "போட்டிருந்தா ஜெயிச்சிருப்பேன்."

"நல்ல வேள போடல" என்றார் அக்கா. கூட்டாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த மதியத்துக்குப் பிறகு என் வேலை சுலபமாகிவிட்டது. அண்ணனும் அக்காவும் எழுதச் சொல்லி அனுமதி கொடுத்தார்கள். பெயர் வராது என்றதும் அக்காவுக்குத்தான் வருத்தம். "நல்லதுதான செஞ்சேன், பேரு போட்டா இன்னா?" என்றார். ஞாயிறு பள்ளி அறையில் மாதம் ஒரு முறை கூட்டம் நடத்தினோம். ஆடியவர்களும் வீட்டுக்காரர்களும் சேர்ந்து வந்தார்கள். அக்கா செய்ததை எல்லோரும் செய்து பார்த்தார்கள். சிலருக்கு அது உதவியது. சிலருக்கு உதவவில்லை, ஒருவர் வீட்டில் புருஷனுக்குப் பதில் மனைவி ஆட ஆரம்பித்துவிட, அவர்களை நான் விழுப்புரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். இருவரும் சேர்ந்தே போனார்கள், சேர்ந்தே தேறி வந்தார்கள்.

வாய்மொழித் தேர்வு சென்னையில் நடந்தது. அண்ணனும் அக்காவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். தேர்வாளர் ஒருவர், இவ்வளவு குறைவான ஆட்களை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் இது பொருந்தும் என்று எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். சொல்ல மாட்டேன், இவர்களுக்கு இப்படி நடந்தது என்று மட்டும்தான் சொல்வேன், மற்றதை இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்றேன். அவர் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டார். பின்னால் அக்கா, கை தட்டலாமா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுவிட்டுத் தட்டினார்.

வெளியே வந்ததும் என்ன வேண்டும் என்று கேட்டேன். கடல் பார்க்க வேண்டும் என்றார்கள். இருவரும் அதுவரை பார்த்ததில்லை. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக அலைக்குள் போனார். அண்ணன் மூவரின் செருப்பையும் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்று, ரொம்ப உள்ளே போகாதே என்று சத்தம் போட்டார். ஒரு பெரிய அலை வந்து அக்காவை இடுப்பு வரை நனைத்தது. திரும்பி, நீயும் வாய்யா என்று கையை ஆட்டினார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் செருப்புகளை வாங்கிக்கொண்டேன். பேண்டை முட்டிவரை மடித்துக்கொண்டு அவரும் தண்ணீரில் இறங்கினார்.